வெளிச்சத்தில் காய்ந்த பிள்ளை

எனக்கும் என் கணவருக்கும் ஒரே ஒரு பொருத்தம்தான் அசல் பொருத்தம். இருவருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முரசுமோட்டைப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் வயல் எடுத்த முதல் வருடத்திலேயே அயல் முழுவதும் இதைத் தெரிந்துகொண்டது. அவர் சோற்றுக் கோப்பையை எறிந்தால் நான் அகப்பையை எறிவேன். ஒருமுறை அவர் என் கன்னத்தில் அறைந்தார். நான் விறகுக் கட்டையால் அவருடைய முழங்காலில் போட்டேன். நொண்டி நொண்டி வயலுக்குப் போனவர், வரம்பில் சறுக்கி விழுந்ததாக ஊருக்குச் சொன்னார். ஊர் நம்பவில்லை.

இவ்வளவு வாய்க்காரியான நான் ஒரு விஷயத்தில் மட்டும் சொல்வழி கேட்டேன். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடிக்கக் கூடாது என்றார்கள், நான் குடிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பிள்ளை பெற்ற உடம்பைப் பச்சை உடம்பு என்பார்கள். அந்த உடம்புக்குள் தண்ணீர் போனால் சன்னி வரும், கைகால் இழுக்கும், பல்லைக் கிட்டிக்கொண்டு செத்துப் போவாள் என்பார்கள். மிளகும் மல்லியும் மஞ்சளும் அரைத்துக் காய்ச்சிய சரக்குக் கறி, சுட்ட கருவாடு, வறண்ட சோறு, இவ்வளவுதான் சாப்பாடு. தொண்டை எரிந்தால் ஒரு மிடறு கொத்தமல்லித் தண்ணீர், அதுவும் கொதிக்கக் கொதிக்க. என் சின்னம்மா பிள்ளை பெற்ற சூட்டோடு தாகம் தாங்காமல் கிணற்றடிக்கு ஓடி வாளியில் வாய் வைத்துக் குடித்தவர். அன்று பின்னேரமே இழுப்பு வந்து செத்தார். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. வாய் கோணி, நாக்கைக் கடித்தபடி கிடந்த அந்த முகத்தை என் கண்ணால் பார்த்தேன். கணவனுக்குப் பயப்படாத நான் ஒரு செம்புத் தண்ணீருக்குப் பயந்தது அதனால்தான்.

எனக்குப் பிள்ளைப்பேறு பார்க்க வந்தவர் கணவரின் அக்கா. என் மச்சாள். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அந்த வீட்டுக் கோபத்துக்கு விதைநெல்லே அவர்தான். என்னில் அவருக்குப் பகை இல்லை. இரவு பகலாக என்னைக் காவல் காத்தார். நான் வாய் கொப்பளிக்கும்போதுகூட, துப்புகிறேனா விழுங்குகிறேனா என்று தாடையைப் பிடித்துப் பார்த்தார்.

அறுபதுகளின் கடைசி. ஆவணி மாதம். கச்சான் காற்று சூட்டை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பிள்ளை வீட்டில்தான் பிறந்தது, பெண் பிள்ளை. சில நாட்களுக்குள் அதன் கண் வெள்ளை மஞ்சளானது. பிறகு அந்த மஞ்சள் முகத்துக்கு வந்து, நெஞ்சுக்கு இறங்கி, வயிற்றையும் பிடித்தது. பாலுக்கு எழுப்பினால் எழும்பவில்லை. மருத்துவிச்சி வந்து வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "செங்கமாரி முத்திப் போச்சு. இனி இதை இஞ்ச வைச்சிருக்காதேங்கோ" என்றார். கணவர் ஓடினார். யாரை மிரட்டினாரோ தெரியாது, ஒரு டிராக்டரோடு திரும்பி வந்தார். பின்பெட்டியில் வைக்கோலைப் போட்டு எங்களை ஏற்றினார். பள்ளங்களில் பெட்டி தூக்கிப் போடும் ஒவ்வொரு முறையும் சாரதியைத் தூஷணத்தால் ஏசினார். பிள்ளை பெற்ற புண் எல்லாம் பிய்வது போல இருந்தது. நான் ஏசவில்லை, பிள்ளையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி டொக்டர் இளம் ஆள். விரலிடுக்கில் சிகரெட், வாயைத் திறந்தால் ஏச்சு. ஆனால் மூளைக்காரர். தச்சனைப் பிடித்து ஒரு மேசைக்கு மேலே சட்டம் அடிப்பித்து, அதில் டியூப் லைட்டுகளை வரிசையாகப் பூட்டி வைத்திருந்தார். பிள்ளையின் உடுப்பை எல்லாம் கழற்றி, கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டி, இடுப்பில் ஒரு துண்டுத் துணியோடு அந்த வெளிச்சத்துக்குக் கீழே கிடத்தினார்.

"வெளிநாட்டில இப்ப இப்பிடித்தான் மஞ்சளை இறக்கிறாங்கள். வெயில் செய்யிற வேலையை இந்த லைட் செய்யும். மஞ்சள் மூளைக்கு ஏறிச்செண்டால் பிள்ளை தப்பாது. தப்பினாலும் பழுதுதான். நீ நேரத்துக்கு நேரம் பாலைக் குடு" என்று என்னிடம் சொன்னார்.

குடுப்பதற்கு என்னிடம் என்ன இருந்தது? மார்பு வெறும் தோலாகத் தொங்கியது. பிள்ளை வாய் வைத்தால் வலிதான் வந்தது. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. விளக்குகள் வெள்ளை வெளேரென்று எரிந்தன. திறந்த ஜன்னலால் கச்சான் வந்து அந்த வெற்றுடம்பைத் துடைத்துக்கொண்டு போனது. அவ்வளவு சூட்டிலும் பிள்ளை ஒரு துளி வியர்க்கவில்லை. இடுப்புத் துணியை மாற்றப் போனால் துணி காய்ந்தபடி கிடந்தது. காலையில் கட்டியது மாலையிலும் அப்படியே.

"துணி நனைக்காத நல்ல பிள்ளை" என்றார் மச்சாள். நான் அந்தக் காய்ந்த துணியைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன்.

மறுநாள் டொக்டர் வந்து பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய இடம் இறங்காமல் மடிப்பாகவே நின்றது. உச்சிக்குழி ஒரு விரல் புதையும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பிள்ளையைத் தூக்கித் தராசில் போட்டவர், கையிலிருந்த சிகரெட்டைச் சுவரில் அடித்தார்.

"பிள்ளை காயுது! பச்சைப் பிள்ளையின்ர தோல் ஈரத்தைப் பிடிச்சு வைக்காது. இந்த லைட்டிலயும் காத்திலயும் உடம்பில இருக்கிற தண்ணி தோலாலேயே ஆவியாப் போகுது. வேர்வை எண்டால் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. லைட்டை நிப்பாட்டினால் மஞ்சள் கொல்லும். லைட்டையும் போட்டு, பாலும் குடுக்காட்டி வறட்சி கொல்லும். ஏன் உன்னட்டப் பால் இல்லை? தண்ணி குடிக்கிறனியோ?"

நான் வாய் திறக்கமுன் மச்சாள் முந்தினார். "ஓம் டொக்டர். வடிவாக் குடிக்கிறா."

டொக்டர் நம்பிவிட்டார். மூக்கால் ஒரு மெல்லிய குழாயை விட்டு, குளுக்கோஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கச் சொல்லிவிட்டு, "இது சும்மா தாக்காட்டத்தான். தாய்ப்பால் வந்தால்தான் பிள்ளை பிழைக்கும்" என்று போனார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கூஜா நிறையத் தண்ணீர் வைக்கச் சொன்னார். நாங்கள் மிஸி என்று கூப்பிடும் நர்ஸ் கொண்டுவந்து வைத்தார். மிஸி திரும்பியதும் மச்சாள் கூஜாவை ஜன்னலால் கவிழ்த்தார். ஒவ்வொரு முறையும் அதேதான். ஊரே தண்ணீருக்கு ஏங்கிய அந்த ஆவணியில் எங்கள் ஜன்னலடி மண் சேறாகக் கிடந்தது. ஆஸ்பத்திரிக் கோழிகள் வந்து அதில் குடித்தன. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் அந்தக் கோழிகளைப் பார்த்தேன். அவற்றின் கழுத்தைத் திருகிப் போட வேண்டும் போல இருந்தது.

இரண்டு பயங்கள் எனக்குள்ளே அடிபட்டன. குடித்தால் நான் சாவேன். சின்னம்மாவின் கோணிய வாய் கண்ணுக்குள் நின்றது. குடிக்காவிட்டால் பிள்ளை சாகும். அது கண்ணெதிரே கிடந்தது. டொக்டரின் சொல்லைவிட என் கண்ணால் கண்டதைத்தான் நான் நம்பினேன். சன்னி வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அடுத்த நாள் காலையில் பிள்ளை அழுதது. வாய் அழுத மாதிரிப் பிளந்தது, சத்தம் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மிஸி அதைப் பஞ்சால் நனைத்துப் பிரித்தார்.

செத்தால் சாகிறேன் என்று எழும்பினேன்.

"மச்சாள், அந்தக் கூஜாவைத் தாங்கோ."

"என்ன, விசரே உனக்கு? குடிச்சால் செத்துப் போவாய்."

"நான் சாகிறன். எனக்குப் பால் வரட்டும். தாங்கோ!"

அவர் கூஜாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் பாய்ந்து பிடித்தேன். மச்சாள் என் கொண்டையைப் பிடித்துச் சுவரோடு இடித்தார். "உன்னைச் சாகக் குடுத்திட்டு என்ர தம்பிக்கு என்ன பதில் சொல்லுறது?" என்று அழுதுகொண்டே கன்னத்தில் மாறி மாறி அறைந்தார். நான் அவருடைய மணிக்கட்டைக் கவ்வினேன். பல் எலும்பில் முட்டியது. அவர் குழறினார், நான் விடவில்லை. அவருடைய இரத்தம் உப்புக் கரித்தது. பிள்ளை பெற்ற பிறகு, யாரும் துப்பச் சொல்லாமல் என் வாய் நிறையக் கிடைத்த முதல் ஈரம் அதுதான்.

கூஜா விழுந்து உருண்டது. தண்ணீர் எல்லாம் தரையில் ஓடியது. பக்கத்துக் கட்டிலில் கொக்கிளாயிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். கரைவலைக்காரரின் பெண்சாதி, நல்ல தேகவாகு. அவர் இறங்கி வந்து மச்சாளை ஒரே தள்ளில் தன் கட்டிலில் விழுத்தி, அவர் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"நீ குடி பிள்ளை. வாளி அங்க மூலையில இருக்கு. இவவை நான் பாக்கிறன்."

தரை கழுவ வைத்திருந்த வாளி அது. நான் குனிந்து வாய் வைத்தேன். மாடு மாதிரிக் குடித்தேன். மூக்கால் வந்தது, இருமினேன், திரும்பவும் குடித்தேன். என் சின்னம்மாவும் இப்படித்தான் குடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேதான் குடித்தேன். பிறகு கட்டிலில் மல்லாந்து படுத்து, விரல்கள் இழுக்கின்றனவா என்று பார்த்தபடி சாவுக்குக் காத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் மச்சாள் ஒப்பாரி வைத்தார். கொக்கிளாய்ப் பெண் இன்னும் அவர் மேலிருந்து இறங்கவில்லை.

சன்னி வரவில்லை. சிறுநீர்தான் வந்தது. பிறகு அகோரப் பசி வந்தது. மறுநாள் விடியும்போது சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. பிள்ளையை எடுத்து மார்பில் போட்டேன். அது முதலில் சோர்ந்து கிடந்தது. ஒரு துளி நாக்கில் பட்டதும் வெறிபிடித்த மாதிரி இழுத்தது. வெயில் ஏறும் நேரம் இடுப்புத் துணி நனைந்தது. அந்த நனைந்த துணியை முகத்தில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். டொக்டர் வந்து தோலைக் கிள்ளினார். மடிப்பு மெதுவாக இறங்கியது. "சரி. லைட்டை நிப்பாட்டாதேங்கோ. இண்டைக்கும் நாளைக்கும் தாண்டினால் போதும்" என்றார். என் வாழ்நாளில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த காலை அதுதான்.

அந்தக் காலை மத்தியானம் வரைகூட நிற்கவில்லை. முந்தின நாள் பின்னேரம் கைக்கட்டோடு பஸ் ஏறிப் போன மச்சாள் விடிந்ததும் வயலுக்குப் போயிருந்தார். வேலிக்குக் கிடங்கு கிண்டிக்கொண்டிருந்த தம்பியிடம் தலையில் அடித்துக் கதறியிருக்கிறார். "உன்ர பிள்ளையை லைட்டுக்குக் கீழ போட்டு வறுத்து எடுக்கிறாங்கள்! காஞ்சு சருகாக் கிடக்குது! உன்ர பெண்சாதி தண்ணியைக் குடிச்சுச் சாகப் போறாள்!" அவர் சொன்னதில் பாதி பொய்யில்லை. அதுதான் கொடுமை.

அந்த வார்ட்டுக்குள் ஆம்பிளைகளை விடுவதில்லை. வந்த நாள் தொடக்கம் கணவர் பிள்ளையைக் கண்ணால் காணவில்லை. யாரும் அவருக்கு ஒன்றும் சொல்லவுமில்லை. கிடங்கு கிண்டிய இரும்பு அலவாங்கோடேயே வந்துவிட்டார். வாசலில் மறித்த காவலாளியின் முகத்தில் முழங்கையால் இடித்தார். பல் உடைந்து இரத்தம் கொட்டியது. மிஸிமார் கத்திக்கொண்டு ஓடினார்கள். கறுப்புத் துணியால் கண் கட்டப்பட்டு, மூக்கில் குழாயோடு, விலாவெலும்பு தெரிய, வெளிச்சத்துக்குக் கீழே தன் பிள்ளை கிடந்ததை அவர் கண்டார். அவர் முகம் போன போக்கை நான் கண்டேன்.

"நில்லுங்கோ! பிள்ளை தப்பீட்டுது! நில்லுங்கோ!" என்று கத்தினேன். அவருக்குக் காதும் இல்லை, கண்ணும் இல்லை. அலவாங்கு மேலே போனது. நான் பிள்ளையின் மேல் குப்புற விழுந்தேன். டியூப் லைட்டுகள் வெடி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. கண்ணாடி என் முதுகில் மழையாக இறங்கியது. சட்டம் முறிந்து தோளில் விழுந்தது. அவர் நிறுத்தவில்லை, கடைசி விளக்கு வரை அடித்தார். டொக்டர் ஓடி வந்து ஒரு கதிரையைத் தூக்கி அவருடைய தலையில் போட்டார். கதிரை உடைந்தது. அவர் முழங்காலில் விழுந்தபோதுதான் என் முதுகைப் பார்த்தார்.

"பிள்ளை காயுதெண்டு அக்கா சொன்னவா..." என்றார்.

"ஓமடா, காஞ்சதுதான்! அதுக்குத் தண்ணி குடுத்தாச்சு! உன்ர பெண்சாதி சாகத் துணிஞ்சு குடுத்தவள்!" டொக்டர் கையிலிருந்த உடைந்த கதிரைக் காலைக் கீழே எறிந்தார். "இனி இந்த லைட்டுக்கு நான் எங்க போறது? மஞ்சள் இன்னும் இறங்கேல்லையடா!"

பொலிஸ் வந்து கணவரைக் கொண்டுபோனது. முதுகில் கட்டோடு நான் பிள்ளையை விறாந்தையில் வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறினால் தோல் காயும், உள்ளே எடுக்க வேண்டும். எடுத்தால் மஞ்சள் ஏறும். பால் இருந்தது, தண்ணீர் இருந்தது, துணி நனைந்தது. வெளிச்சம்தான் இல்லை. பிள்ளை கீச்சென்று ஒரு புதுக் குரலில் அழத் தொடங்கியது. முதுகை வில்லாக வளைத்தது. அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் டொக்டர் வேறு பக்கம் பார்த்தார்.

பொலிஸ் விட்டதும் கணவர் வீட்டுக்குப் போகவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் போய்ப் புது டியூப் லைட்டுகளைத் தன் வேட்டியால் சுற்றி, பஸ்ஸில் யாரும் முட்டாதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தலையில் கட்டு, வேட்டிக்குப் பதிலாக இடுப்பில் பழைய சாரம். டொக்டர் வாங்கி, தச்சனைக் கொண்டு திருத்திய சட்டத்தில் பூட்டினார். மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கியது. துண்டு வெட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பும்போது, "உயிர் தப்பீட்டுது. மற்றதை வளர வளரப் பாப்பம்" என்றார் டொக்டர். மற்றது என்ன என்று நான் கேட்கவில்லை. பிள்ளை உயிரோடு என் கையில் இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

மகள் நன்றாக வளர்ந்தாள். கொழுகொழுவென்று, துருதுருவென்று. கணவர் கத்தினால் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும்; இவள் மட்டும் அவரைப் பார்த்துச் சிரிப்பாள். நானும் அவரும் குசினியில் சட்டி பானையை உடைத்துக்கொண்டு நின்றால், காலடியில் உட்கார்ந்து ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்குவாள். தகப்பனுக்குப் பயப்படாத ஒரே சீவன் என்று நான் பெருமைப்பட்டேன். அவருக்கும் அதில் தனிப் பெருமை. பேச்சு வரத் தாமதம் என்றார்கள். வாய்க்காரியின் மகள், வந்தால் நிற்காது என்று சிரித்தேன்.

அவள் நன்றாக நடக்கத் தொடங்கியிருந்த பெரும்போகம் அது. நெல் குடலை தள்ளிக் கதிர் விடும் நேரம் பன்றிகள் வயலுக்குள் இறங்கி உழக்கின. கணவர் துவக்கோடு காவல் வாடியில் இருந்தார். நான் சாப்பாடு கொண்டு போனேன். மகள் அவருக்குப் பின்னால் வரம்பில் இருந்து சேறு பிசைந்துகொண்டிருந்தாள். பட்டப்பகலில் காட்டுக் கரையிலிருந்து ஒரு தனியன் பன்றி வெளியே வந்தது. அவர் வெடி வைத்தார். கொக்குகள் எல்லாம் கிளம்பின. எங்கள் நாய் ஊளையிட்டுக்கொண்டு வாடிக்குள் ஓடியது. என் கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டி விழுந்தது. மகள் சேற்றை உருட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை, தோள் அசையவில்லை.

கணவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டொக்டர் சொன்ன அந்த மற்றது என்ன என்று எனக்கு விளங்கியதும் அவருக்கு விளங்கியதும் ஒரே கணத்தில்தான்.

அவர் இன்னொரு தோட்டாவைப் போட்டு வானத்தை நோக்கி வெடி வைத்தார். பிள்ளை சேறு பிசைந்தது. இன்னொன்று போட்டார். அவளுக்குப் பின்னால் போய் நின்று வெடித்தார். "இஞ்ச பார் குஞ்சு! அப்பாவைப் பார்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, தோட்டாப் பையை உதறி உதறி, இருந்த எல்லாவற்றையும் வெடித்தார். முடிந்த பிறகும் வெறும் துவக்கின் விசையை இழுத்துக்கொண்டே நின்றார்.

அவரைக் கொன்றுபோட வேண்டும் போல எனக்கு வெறி வந்தது. ஓடிப் போய்த் துவக்கைப் பிடுங்கினேன். குழல் என் உள்ளங்கையைச் சுட்டது. அடிக்க ஓங்கினேன்; அவர் தலையைக் குனிந்து கொடுத்தார். அப்போதுதான் வெடிமருந்துப் புகை காற்றில் இறங்கி மகளின் முகத்துக்கு நேரே வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். புகையைக் கண்டு சேற்றுக் கையால் கை தட்டிச் சிரித்தாள். எழும்பி வந்து, இன்னும் வேண்டும் என்று தகப்பனின் சாரத்தைப் பிடித்து இழுத்தாள்.